லேப்டாப் வாங்கும்போது கீபோர்டையும் பாருங்கள்!

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ராம் எவ்வளவு, என்ன பிராசசர், எஸ்எஸ்டி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும்? "கீபோர்டு எப்படி?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சாஃப்ட்வேர் வேலையில் நாள் முழுவதும் கீபோர்டிலேயே கையை வைத்திருக்கும் நானும் அதைக் கேட்காமல்தான் ஒரு லேப்டாப்பை வாங்கினேன். நல்லவேளை, எனக்காக வாங்கவில்லை என்று சொல்லலாம் என்றால், அதை வாங்கிக் கொடுத்தது என் அத்தைக்கு!

அத்தை இருப்பது திருமங்கலத்தில். பத்திரம் எழுதுபவர்களுக்கு வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கிறார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மெஷினில் பழகிய கை. கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தமிழ்99 விசை அமைப்புக்கு மாறினார். அவருடைய பழைய டெஸ்க்டாப் படுத்துவிட்டதும், மெலிதாக, அழகாக, எடை குறைவாக ஒரு லேப்டாப்பை நான்தான் தேர்வு செய்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பத்து மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் போன்.

"மருமகனே, என்னய்யா இது, சொத்துன்னு அடிச்சா ச்சொத்துன்னு விழுது!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். 'க்க', 'ப்ப' எல்லாம் அப்படித்தான் சுலபமாக வருகின்றன. அத்தை ஒருமுறை அழுத்தினால் கீ இரண்டு முறை அழுத்தியதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பத்திரத்தில் 'ச' இல்லாத வரி உண்டா? சொத்து, சர்வே எண், சதுர அடி, சாட்சி, சாசனம்! ஆனால் எழுத்து இரட்டிப்பது கண்ணில் படும், திருத்திவிடலாம். அடுத்த வாரம் எண் 4 இரட்டிக்க ஆரம்பித்தது. 44 என்ற சர்வே எண் 444 ஆகப் பிரிண்ட் ஆகிவிட்டது. நிலம் வாங்குபவர் பதிவுக்கு முன்பு ஒருமுறை படித்துப் பார்த்ததால் தப்பித்தார்கள். பதிவாகியிருந்தால் அப்புறம் பிழைத்திருத்தல் பத்திரம், செலவு, அலைச்சல். அத்தைக்கு வேலை கொடுப்பவர்களும் வேறு ஆளைத் தேடிப் போயிருப்பார்கள்.

இது ஏன் நடக்கிறது? லேப்டாப் கீயின் மூடிக்குக் கீழே கத்தரிக்கோல் போல மடங்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் அமைப்பு இருக்கிறது. அதற்குள் ரப்பர் குமிழ். குமிழுக்குக் கீழே மின்தடம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். நீங்கள் அழுத்தும்போது மேல் தாளும் கீழ்த் தாளும் தொட்டுக்கொள்கின்றன, எழுத்து விழுகிறது. இடையில் தூசியோ பிசுக்கோ புகுந்தால் தொடுவதும் விடுவதுமாகத் துடிக்கும். திருமங்கலம் பக்கம் கரிசல் மண். காற்றடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மேஜை மேல் பெயர் எழுதலாம்!

கீபோர்டுப் பிரச்சினை விலை குறைந்த மெஷின்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 2015-இல் ஆப்பிள் தன் 12 அங்குல மேக்புக்கில் 'பட்டர்ஃபிளை' என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. கீ அழுந்தும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான். சிறு துகள் புகுந்தாலும் எழுத்து விழாது, அல்லது இரட்டிக்கும். லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக் காற்றடிக்கச் சொல்லி ஆப்பிளே படம் போட்டு விளக்கியது. 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. கடைசியில் 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பியது. அமெரிக்காவில் நடந்த வழக்கை முடித்துக்கொள்ள 5 கோடி டாலர் தருவதாக 2022-இல் ஒப்புக்கொண்டது.

சரி, பிடித்தது பிடிக்காதது என்ற விஷயத்துக்கு வருவோம். டைப்ரைட்டிங் படித்த என் அப்பாவுக்கு கீ ஆழமாக இறங்க வேண்டும், 'டக்' என்று கைக்குத் தெரிய வேண்டும். எனக்கோ மேலோட்டமாகத் தட்டினால் போதும், விரல் சீக்கிரம் நகரும். திங்க்பேட் லேப்டாப்புகள் 2012-இல் தங்கள் பழைய ஏழு வரிசைக் கீபோர்டை விட்டுவிட்டு, தனித்தனித் தீவுகளாக நிற்கும் ஆறு வரிசைக் கீபோர்டுக்கு மாறியபோது பழைய ரசிகர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. 2017-இல் 25-ஆம் ஆண்டு நினைவாக வந்த ஒரு மாடலில் மட்டும் லெனோவா ஏழு வரிசையைத் திரும்பக் கொடுத்தது. இந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்க முடியாது. ஒருவருக்கு இட்லி, இன்னொருவருக்குப் பரோட்டா.

ஆனால் கெட்டுப்போனால் மாற்ற முடியுமா என்பது ரசனை அல்ல. இதை நான் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.

பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில், காலேஜ் இரண்டாம் வருடம் நான் ஜிகர்தண்டாவைக் கொட்டினேன். பாலும் சர்க்கரையும் உள்ளே போய் கீபோர்டு ஒட்டிக்கொண்டது, இரண்டு நாளில் எறும்பும் வந்தது! மதுரையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அடியில் திருகுகளைக் கழற்றி, கீபோர்டை மட்டும் நெம்பி எடுத்து, புதியதைப் பொருத்திவிட்டார். இருபது நிமிடம், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அந்த மெஷினில்தான் புராஜெக்ட்டையும் முடித்தேன், வேலைக்கும் விண்ணப்பித்தேன்.

அத்தையின் மெலிந்த லேப்டாப்பை அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்து காட்டினார். கீபோர்டு மேல் பேனலோடு சேர்த்து, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் ஆணிகளை உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. மதர்போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி, மேல் பேனலையே மாற்ற வேண்டுமாம். வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், தூசி புகுந்தது உங்கள் தவறு என்று ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். இரண்டு கீக்கு ஏழாயிரம்! இன்று மெலிதாக வரும் மாடல்களில் பல இப்படித்தான் செய்யப்படுகின்றன. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்: "கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, என்ன செலவாகும்?"

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் எழுதுகிற விமர்சகர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. ஆங்கிலக்காரருக்கு என்றைக்கோ ஒருநாள் தேவைப்படும் சதுர அடைப்புக்குறிதான் நமக்கு 'ச'. அரைப்புள்ளி இருக்கும் கீ 'ந', மேற்கோள் குறி 'ய', சாய்வுக்கோடு 'ழ'. இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் கம்பெனிகள் முதலில் சுருக்குவது இந்த வலது ஓரத்துக் கீக்களைத்தான். சின்ன லேப்டாப்புகளில் அவை பாதி அகலத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் பாவம்.

2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். முதன்முதலாகக் கீபோர்டைத் தொடப் போகும் வீடுகள் அவற்றில் எத்தனையோ இருக்கும். அந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை: காபியோ தண்ணீரோ கொட்டினால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவரை அணைத்து, கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டாதீர்கள். ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் மதர்போர்டையும் சேர்த்துக் கொல்கிறது.

அத்தைக்கு அப்போதைக்கு ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன், ஐந்நூறு ரூபாய்க்குள். வேலை நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு லேப்டாப் வாங்க மதுரைக்கு வந்தபோது, இந்த முறை என்னைப் பேசவே விடவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் தமிழ்99-ஐப் போடச் சொல்லி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'சொத்து விவரம்' என்று ஆரம்பித்து அரைப் பக்கம் அடித்துப் பார்த்தார். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்றும் பார்த்தார். கடைப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். ஐந்தாவது மெஷின் பிடித்துவிட்டது. தடிமனானது, தனி எண் பலகை உள்ளது, கீபோர்டைத் தனியாகக் கழற்றலாம் என்று கடைக்காரர் கேட்டலாக்கைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும் போலிருக்கே அத்தை" என்றேன்.

"நான் எங்கய்யா தூக்கிட்டுத் திரியப் போறேன்? பில்லைப் போடச் சொல்லு."