முழங்கையோடு நிற்காத விசாரிப்பு
சொரியாசிஸ் என்று ஆயுர்வேத வைத்தியரிடம் போனால், நல்லவராயின் செதில் உதிரும் முழங்கையோடு நிறுத்தமாட்டார். பசி எடுக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, எத்தனை மணிக்குத் தூக்கம், வீட்டில் என்ன கவலை என்று துருவுவார். பாலையும் மீனையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள் என்பார். சரக சம்ஹிதையிலேயே உள்ள விதி அது. எனக்கு விதியைவிட விசாரிப்பே பெரிது. மன உளைச்சலும் மதுவும் புகையும் இந்நோயைக் கிளறிவிடும் என்று நவீன தோல் மருத்துவமும் சொல்கிறது. ஆனால், 'இங்கிலீஷ் மருந்தை இன்றே நிறுத்துங்கள்' என்பவரை நம்பாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென விட்டால் உடம்பெல்லாம் சிவந்து தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். லேபிள் இல்லாத பஸ்பத்தில் ஈயம், பாதரசம் இருக்கக்கூடும். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தர மறுக்கும் வைத்தியரிடம் நான் யாரையும் அனுப்பமாட்டேன்.