வேகம் குற்றமன்று, இடம்தான் குற்றம்

மாலை ஆறு மணிக்குப் பின்னர் சித்தாண்டிப் பிரதான வீதியோரம் நிற்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில் முதலில் சைலன்சரின் அலறல் கேட்கும். பிறகு தரையோடு தரையாகத் தாழ்த்தப்பட்ட காரொன்று, ஓரத்தில் காயும் நெல்லின் பதரைக் கிளப்பிக்கொண்டு பாயும். கோயிலுக்குப் போய் வருகிற பெண்கள் ஒதுங்குவர். வீதியில் படுத்துக் கிடக்கும் மாடுகள் மட்டும் ஒதுங்குவதில்லை.

அண்மையில் அப்படியொரு கார் மாட்டை விலத்தித் திரும்பி, என் சைக்கிளுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. இறங்கிய இளைஞர் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு பெருமையாகவும் சொன்னார்: "ஐயா, இது றேசுக்கு ரெடி பண்ணின கார்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன்.

தம்பி என்ன செய்திருந்தார்? சைலன்சரை மாற்றியிருந்தார், ஸ்பிறிங்கைக் குறைத்திருந்தார், பின்னால் இறக்கை பூட்டியிருந்தார். பிறேக் ஒயில் எப்போது மாற்றியது என்றேன். தெரியவில்லை. ரயர் எந்த ஆண்டு செய்தது என்றேன். அதுவும் தெரியவில்லை. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பத்தாண்டு பழகி இறுகிய இறப்பருக்கு எந்த இறக்கையும் பிடிமானம் தராது.

வேகம் இரு மடங்கானால் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. டொட் 4 வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய பின் அதற்குரிய தரநிலை வெறும் 155 பாகைதான். எங்கள் வாவிக்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். மிதித்த கால் தட்டு வரை போகும், கார் நிற்காது.

ஆகவே ஓடுபாதைக்குக் காரை ஆயத்தப்படுத்துவோர் முதலில் தொடுவது எஞ்சினை அல்ல. பிறேக் ஒயிலையும் பாட்டையும் புதிதாக்குவர். சக்கர நட்டுகளை உரிய இறுக்கத்துக்கு முறுக்கிப் பார்ப்பர். பற்றரி அசையாதிருக்கிறதா என்று பார்ப்பர். ஆசனத்தின் கீழ் உருளும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்து வெளியே வைப்பர். சில சுற்றுகள் ஓடியதும் வேகத்தைத் தணித்து ஒரு சுற்று வந்து சூட்டை ஆற்றுவர். சூடாறும் வரை கைப்பிறேக்கை இழுக்கவும் மாட்டார்கள். மஞ்சள் கொடி கண்டால் தணிவர், சிவப்பைக் கண்டால் ஓட்டத்தைக் கைவிடுவர். எதிரே வாகனம் வராது, மாடும் வராது.

ஜேர்மனியின் நூர்பேர்க் வளையத்தில் 1927 இல் திறக்கப்பட்ட வடக்குச் சுற்று ஏறத்தாழ 20.8 கிலோமீற்றர் நீளமானது. குறித்த வேளைகளில் கட்டணம் செலுத்தி யாரும் தமது சொந்தக் காரை அதில் ஓட்டலாம். அஜித்குமாரைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்கும் தம்பிமார் ஒன்றை மறக்கக் கூடாது. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அவரது கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி இறங்கினார். உள்ளே இரும்புக்கூடும் பட்டிகளும் இருந்தன, வெளியே தடுப்பு இருந்தது. சித்தாண்டியில் தடுப்பாக நிற்பது தேநீர்க்கடைத் திண்ணை.

இவ்வளவும் இளைஞருக்கு. இனி அதிகாரத்திலிருப்போருக்கு ஒரு வார்த்தை.

தண்டத்தால் மட்டும் இந்த ஆசை அடங்கும் என்று எண்ணுவது அறியாமை. இந்நாட்டின் தார் ஓடுபாதை களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் இருக்கிறது, தீவின் மறுகரையில். பந்தயங்கள் நடக்கும் மின்னேரியாவும் தியத்தலாவையும் இராணுவத்தின் இடங்கள். கிழக்கின் பிள்ளைக்கு எங்கே களம்?

களம் என்றதும் கோடிகளைக் கணக்கிடாதீர்கள். 1990 இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதை திறக்கப்படுமுன் சென்னைக்காரர் பந்தயம் ஓடியது சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில். கட்டுக்குருந்தவும் விமான ஓடுதளமே. அதுவும் இல்லையெனில் அகன்ற தார்த் திடலொன்று போதும். கூம்புகளை அடுக்கி, ஒரு நேரத்தில் ஒரே காரை விட்டு, நேரத்தைக் கணக்கிடும் போட்டி உலகெங்கும் நடக்கிறது. வேகம் குறைவு, கையின் திறமை வெளிப்படும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் வாகனப் பரிசோதனை, தலைக்கவசம், ஓர் அம்புலன்ஸ். இது பிரதேச சபையொன்றுக்குக்கூட எட்டாத காரியமா?

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதை விலகிக் கூட்டத்தினுள் பாய்ந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். களம் அமைத்தாலே போதாது. வேடிக்கை பார்ப்பவன் எங்கே நிற்பான் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

யுத்தத்தில் இழந்த பிள்ளைகளின் படங்கள் இன்னும் எங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் கார் ஓட்டிச் செத்தவனின் படத்தையும் மாட்ட வேண்டுமா? தம்பி, முதலில் பிறேக் ஒயிலை மாற்று. ஐயாமாரே, அவனுக்கு ஒரு திடலைக் காட்டுங்கள்.