கடலடிப் புதையலும் ஒரு காகிதமும்

தென் அமெரிக்காவின் வடகோடியில் கயானா என்று ஒரு சிறு தேசம் இருக்கிறது. நம்மவர்களுக்கு அது முற்றும் அந்நியமான பூமியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்கென்று கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஏழை ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்களே, அந்த 'டெமராரா' இதுதான். 1966-ம் வருஷம் மே மாதம் பிரிட்டிஷ் ஆட்சி அங்கே முடிவுற்றது. இன்று ஜனத்தொகை சுமார் எட்டு லட்சம். அவர்களிற் பெரும்பாலோர் வசிப்பது கடலோரத்து ஒடுங்கிய தாழ்நிலத்தில். கடல் பொங்கும் வேளையில் நீர்மட்டம் ஊர்மட்டத்துக்கு மேலே நிற்கும். டச்சுக்காரர் காலம் முதல் கரையும் மதகும் கட்டித்தான் காலந் தள்ளுகிறார்கள்.

இத்தகைய தேசத்துக்கு 2015-ம் வருஷம் மே மாதத்தில் குபேர யோகம் வந்தது. கரையிலிருந்து சுமார் 193 கிலோமீட்டர் தூரத்தில், 'லிஸா' என்று பெயரிட்ட இடத்தில், அமெரிக்காவின் எக்ஸான் மொபில் கம்பெனி எண்ணெய் கண்டது. அங்கே கடலின் ஆழம் 1,743 மீட்டர். நம் குன்னூர் மலையை அவ்விடத்தில் இறக்கி வைத்தால் அதன் சிகரம் மட்டுமே வெளியே எட்டிப் பார்க்கும்! அவ்வளவு நீரையும் கடந்து, அதன்பின் பாறையையும் துளைத்து, கடல்மட்டத்திலிருந்து 5,433 மீட்டர் வரை சென்றார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? இந்த ஆழத்தில் துளையிடும் கப்பலை நங்கூரத்தினால் நிறுத்துவதில்லை. கப்பலின் அடியில் பல திசைகளிலும் திரும்பக்கூடிய விசைச் சக்கரங்கள் இருக்கின்றன. செயற்கைக் கோள்கள் தரும் குறிப்பைக் கொண்டு, காற்றும் அலையும் தள்ளுமளவுக்கு அவை எதிர்த்துத் தள்ளிக் கப்பலை ஒரே புள்ளியில் நிறுத்துகின்றன. கப்பலிலிருந்து கடலின் தரை வரை ஓர் அகன்ற குழாய். அதற்குள்ளே துளையிடும் குழாய். இந்த உட்குழாயின் வழியே கனமான சேற்றுக் குழம்பை இடைவிடாது செலுத்துகிறார்கள். அலகின் சூட்டைத் தணிப்பதும், உடைந்த கல்லை மேலே கொணர்வதும், கீழே அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும் சீறி வராமல் தன் பாரத்தால் அழுத்துவதும் அந்தச் சேறுதான். சேற்றை மீறிக்கொண்டு வந்தால் வழியை நெரித்து மூடுவதற்குக் கடலின் தரையில் ஒரு ராட்சத அடைப்புக் கருவியும் உண்டு.

2019 டிசம்பரில் முதல் எண்ணெய் வெளிவந்தது. 2025 முடிவதற்குள் நாளொன்றுக்குச் சுமார் ஒன்பது லட்சம் பீப்பாய் என்ற நிலையை எட்டிவிட்டார்கள். பீப்பாய் என்றால் 159 லிட்டர். கடலில் மிதக்கும் ஆலைக் கப்பல்கள் எண்ணெயிலிருந்து நீரையும் வாயுவையும் பிரித்துத் தம் வயிற்றிலேயே சேமித்து வைக்கின்றன. வேறு கப்பல்கள் வந்து அதை வாங்கி நேரே அயல்நாடுகளுக்குப் போய்விடுகின்றன. 2022-ல் உக்ரேன் யுத்தம் தொடங்கி, ஐரோப்பியர் ருஷிய எண்ணெயை ஒதுக்கிய பிறகு, இதில் பெரும் பகுதி ஐரோப்பாவுக்கே சென்றது. கயானாவின் மண்ணை அந்த எண்ணெய் தொடுவதுகூட இல்லை. சுத்திகரிப்பு ஆலை அங்கே கிடையாதாகையால், அத்தேசத்து மோட்டார் வண்டிகளுக்குப் பெட்ரோல் அந்நிய நாட்டிலிருந்துதான் வருகிறது.

இனி, பணம் யாருக்குப் போகிறது என்று பார்ப்போம். 2016-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம். நூறு பீப்பாய் எண்ணெய் எடுத்தால், செலவுக்கென்று 75 பீப்பாய் வரை கம்பெனிகள் முதலிலே கழித்துக்கொள்ளலாம். மீதி 25-ல் பாதி, அதாவது பன்னிரண்டரை, கயானாவுக்கு. அத்துடன் ராயல்டி 2. ஆக, நூற்றுக்குப் பதினாலரை! செலவு தீரத் தீரப் பங்கு உயரும் என்பது வாஸ்தவமே. ஆனால் புதிது புதிதாகத் தோண்டும் கிணறுகளின் செலவும் அதே கணக்கில் ஏறுகிறதே? கம்பெனிகள் கொடுக்கவேண்டிய வருமான வரியையும் சர்க்கார் தன் பங்கிலிருந்தே செலுத்தியதாக எழுதிக்கொள்கிறது. செலுத்தாத வரிக்குக் கம்பெனிகளுக்கு ரசீது வேறு!

கம்பெனிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கூட்டாளியாயிருந்த ஷெல் கம்பெனி நம்பிக்கையிழந்து 2014-ல் விலகிக்கொண்டது. கிணறு வெறுங்கிணறாகியிருந்தால் நஷ்டம் கம்பெனிகளைச் சேர்ந்ததேயொழிய, கயானாவைச் சேர்ந்ததன்று. துணிந்தவனுக்கு லாபம் வேண்டாமா என்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் துணிச்சலுக்குக் கூலி பேசவேண்டிய காலம் எண்ணெய் அகப்படுவதற்கு முன்பு. 1999-ல் பேசிய பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்து எழுதியதோ, புதையல் கண்ட மறு வருஷம். அப்போது கையெழுத்துக்காக ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர் வெகுமதி பெற்றுக்கொண்ட சர்க்கார், அதைத் தன் பிரஜைகளிடம் 2017 கடைசி வரையில் சொல்லவில்லை. வெனிசுலாவுடன் உள்ள எல்லைத் தகராறில் வக்கீல் செலவுக்காக வாங்கினோம் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள்.

அந்த ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு கடுமையாகக் கண்டித்தவர்கள் 2020-ல் பதவிக்கு வந்தார்கள். வந்ததும், கையெழுத்திட்டது புனிதமானது, மாற்றலாகாது என்றார்கள். வருமானத்தினால் நன்மையே விளையவில்லை என்று நான் சொல்லவில்லை. 2025 முதல் கயானா சர்வகலாசாலையில் அத்தேசத்து மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது. உபாத்தியாயனாகிய எனக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பது வேறொரு கவலை. 2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில், சுமார் ஐயாயிரம் அடி ஆழத்தில், அடைப்புக் கருவி கைகொடாமற்போயிற்று. பதினொரு தொழிலாளிகள் மாண்டார்கள். 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. அமெரிக்காவே திண்டாடியது. கயானாவில் அவ்விதம் நேர்ந்தால் நஷ்டத்துக்கு வரம்பின்றித் தாய்க் கம்பெனி ஜவாப்தாரியாக வேண்டும் என்று பிரஜைகள் இருவர் வழக்குத் தொடுத்து, 2023 மே மாதம் ஹைகோர்ட்டில் வெற்றியும் பெற்றார்கள். அப்பீல் கோர்ட்டு அடுத்த மாதமே, இருநூறு கோடி டாலர் உத்தரவாதம் போதுமென்று, அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அப்பீல் செய்தவர்களில் சர்க்காரின் சொந்த இலாகா ஒன்றும் சேர்ந்திருந்தது!

அதே 2023-ல் கயானா ஒரு புது மாதிரி ஒப்பந்தம் தயாரித்தது. அதில் ராயல்டி 10 சதவீதம். செலவுக் கழிவு 65-க்கு மேற்படக்கூடாது. வருமான வரி 10 சதவீதம். ஆனால் இவையெல்லாம் இனிமேல் ஏலம் விடும் பகுதிகளுக்குத்தான். ஒன்பது லட்சம் பீப்பாய் வருகிற பகுதிக்கு 2016-ன் காகிதமே செல்லும்.