மேடு வருமுன் கியரை மாற்றுங்கள்

"கியர் சைக்கிள்தான். ஆனாலும் மேடு ஏறினால் முழங்கால் விண்விண்ணுன்னு வலிக்குதே! பேசாம விட்டுடலாமா?" என்று கோத்தகிரி சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்குப் போகிறவராம்.

விட வேண்டாம், அம்மா. கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதித்தால் முழங்கால் வலிக்கத்தான் செய்யும். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. மேட்டுக்கு இதுதான் சரி. பொதுவாக இடது கை லீவர் முன்சக்கரத்தை மாற்றும், வலது கை லீவர் பின்னதை. முன்னால் ஒரே பல்சக்கரம் என்றால் வலது லீவர் மட்டும்தான் இருக்கும். கால் நிறையச் சுற்றும், வண்டி மெதுவாகத்தான் போகும். போகட்டுமே! ஒவ்வொரு மிதிக்கும் பலம் குறைவாகப் போதும்.

பலரும் பாதி மேட்டில் மூச்சு வாங்கிய பிறகுதான் லீவரைத் தேடுகிறார்கள். அப்போது செயின் இறுகியிருக்கும். 'கடகட'வென்று சத்தம், சில சமயம் செயினே கழன்றுவிடும். பின்னால் குழந்தை இருக்கும்போது இது விளையாட்டில்லை. மேடு ஆரம்பிக்கச் சற்று முன்பே, பெடலை அழுத்தாமல், ஆனால் காலைச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். நின்ற வண்டியில் மாற்றக்கூடாது.

சீட்டையும் பாருங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நம்மில் பலர் அதைத் தாழ்த்தியே வைக்கிறோம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும்.

ரொம்பச் செங்குத்தா? இறங்கித் தள்ளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முழங்கால் வீங்கியிருந்தாலோ, இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.