துப்பாக்கிக்குப் பெயின்ட்

புது பைக் வந்ததும் டேங்கில் ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவில் இந்த அரிப்பு கைத்துப்பாக்கி வரை போயிருக்கிறது.

'செராகோட்' என்று பீங்கான் கலந்த பூச்சு ஒன்று. பிஸ்டலை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பொடி வீசிச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரே அடித்து, அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். ஏறக்குறைய கேக் மாதிரி! ரோஸ், ஊதா, புலிவரி என்று உங்கள் இஷ்டம். ஒரே சிக்கல், பூச்சு தடித்துவிட்டால் மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு இறுகிக்கொள்ளும். திருடன் வந்து நிற்கிற நேரத்தில் உங்கள் ரோஸ் பிஸ்டல் மக்கர் பண்ணும்.

சட்டம்? அந்த நாட்டு மத்திய சட்டம் முக்கியமாகப் பார்ப்பது சீரியல் நம்பரை. அதை அழித்ததோ மாற்றியதோ தெரிந்தே கையில் வைத்திருந்தால் ஐந்து வருஷம் வரை ஜெயில். கலரைப் பற்றிக் கேள்வி இல்லை.

ஆனால், பொம்மைக்குக் கேள்வி உண்டு சார்! 1988-ல் வந்த சட்டப்படி பொம்மைத் துப்பாக்கியின் முனையில் பளீரென்று ஆரஞ்சு இருந்தாக வேண்டும். 2014-ல் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் டாமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயசுப் பையன் வைத்திருந்த பொம்மையில் அந்த ஆரஞ்சு இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டே விநாடியில் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பையன் செத்துப்போனான்.

சரி, நிஜத் துப்பாக்கி பொம்மை வேஷம் போட்டால்? அதைத் தடுக்க மத்திய சட்டம் கிடையாது. நியூயார்க் நகரம் விழித்துக்கொண்டு, இப்படிக் கலர் அடிக்க 2006-ல் தடை போட்டது.

யூட்டா மாநிலத்தில் ஒரு கம்பெனிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2021-ல் 'குளாக்' பிஸ்டலைச் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டைகளால் மூடி, 'பிளாக்19' என்று பெயர் வைத்து விற்பனைக்குவிட்டார்கள். விலை 549 டாலரிலிருந்து. பார்த்தால் சத்தியமாக, குழந்தைகள் அடுக்கி விளையாடுகிற லெகோ! நிறுத்தியது போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை. லெகோ கம்பெனி அனுப்பிய நோட்டீஸ்.

அதற்குள் வாங்கிவிட்ட புண்ணியவான்கள் டிராயரைப் பூட்டி, சாவியை எட்டாத உயரத்தில் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.