வட்டியில்லாக் கடன்: ரிசர்வ் வங்கிக்குக் காத்திருந்தது போதும்!

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம் என்று ஒவ்வொரு ரமளானிலும் மிம்பரில் கேட்கிறோம். கேட்டு முடித்துக் கடைக்குத் திரும்பும் சிறுவியாபாரி அன்று மாலையே தண்டல்காரருக்கு நூறு ரூபாய் எண்ணிக் கொடுக்கிறார். அவர் ஈமான் இல்லாதவரா? இல்லை. அவருக்கு வேறு வாசல் இல்லை. வாசலைத் திறக்க வேண்டியவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

தண்டலின் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாளில் 10,000 கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளும் வியாபாரியின் கையில் சராசரியாக நிற்பது 4,250 ரூபாய் அளவுதான். அதற்கு 1,500 என்றால் நூறு நாளுக்கு 35 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 125 சதவீதத்தைத் தாண்டுகிறது! வாழைப்பழ வண்டியும் பஞ்சர் கடையும் பிரியாணிக் கடையும் எந்த லாபத்திலிருந்து இதைக் கட்டும்?

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இருக்கும்போதுதான், 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீயில் கருகினார். வட்டியைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. வட்டியில்லாமல் கடன் கொடுக்க ஆள் இல்லை. மாற்று இல்லாத இடத்தில் தடைச் சட்டம் வெறும் காகிதமே.

பிள்ளைச்சாவடிக் கரை சொல்லும் பாடம்

"லாப நட்டப் பங்கு என்பதெல்லாம் அரபு நாட்டுச் சரக்கு, இந்தியாவுக்கு ஒத்துவராது" என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பிள்ளைச்சாவடிக்குப் போய்வரட்டும். பொறியியல் கல்லூரி இருக்கும் ஊர் என்று நம் இளைஞர்களுக்குத் தெரியும். 2020இல் அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதற்குக் கிழக்கே மீனவர் குப்பம். துறைமுகக் கட்டுமானத்துக்குப் பிறகு கடல் அரித்துக்கொண்டே வரும் கரை அது. 2004 சுனாமியையும் 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கரை.

இந்தக் கடற்கரை நெடுகிலும் மீன்பிடித் தொழில் எப்படி நடக்கிறது? படகும் வலையும் ஒருவருடையவை. உழைப்பு கடலுக்குப் போகிறவர்களுடையது. பிடித்த மீனை விற்று, டீசல் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு போடுகிறார்கள். படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு. மீன் படாத நாளில் படகுக்காரருக்கும் இல்லை, போனவருக்கும் இல்லை. மூலதனம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, லாபம் பேசிய விகிதத்தில் என்ற நம் 'முளாரபா'வுக்கும் இதற்கும் பேரில்தான் வேற்றுமை. நபித்துவத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு ஷாம் தேசம் போய் வாணிபம் செய்த முறையும் இதுவே. முஸ்லிமல்லாத மீனவச் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதை முஸ்லிம் வியாபாரிகளால் செய்ய முடியாது என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

அதே கடற்கரையில் இன்னொரு முறையும் உண்டு. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறவர், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். முன்பணத்துக்கு வட்டி என்று பெயர் இருக்காது. விலையில் பிடித்துக்கொள்வார்கள். பங்கு மனிதனைக் கூட்டாளியாக்குகிறது. கட்டிப்போடும் கடன் அவனைப் பண்ணையாளாக்குகிறது. இரண்டும் ஒரே மணலில் நடக்கின்றன. நாம் எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம்?

டெல்லி என்ன செய்தது?

2006இல் சச்சார் குழு அறிக்கை வந்தது. நாட்டு மக்களில் 13.4 சதவீதமாக இருந்த முஸ்லிம்களுக்கு, முன்னுரிமைத் துறைக் கடன் நிலுவையில் கிடைத்த பங்கு 4.6 சதவீதம்தான் என்று அது சொன்னது. 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி திறக்கச் சொன்னது. 2015இல் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைக்குத் தனிச் சாளரம் வைக்கலாம் என்றது. பிறகு? 2017 நவம்பரில், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு, இத்திட்டத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி பதில் சொன்னது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரந்த, சமமான வாய்ப்பு இருக்கிறதாம்! 13.4க்கு 4.6 என்பது எந்த ஊர்ச் சமம்?

பிரிட்டன் 2004இல் முழு இஸ்லாமிய வங்கிக்கு உரிமம் கொடுத்தது. 2014இல் அந்நாட்டு அரசே 20 கோடி பவுனுக்கு சுகூக் பத்திரம் வெளியிட்டது. பிரிட்டன் மதச்சார்பின்மையை இழந்துவிட்டதா? பணம் வரும் வழியைத் திறந்தது, அவ்வளவுதான்.

கேரளாவைப் பாருங்கள். மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் 11 சதவீதப் பங்கோடு ஒரு வட்டியில்லா நிதி நிறுவனத்தில் சேர்ந்தபோது, அது மதச்சார்பின்மைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். 2011 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. புதுச்சேரிக்கும் சட்டமன்றம் இருக்கிறது. பிப்டிக் என்ற தொழில் வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. கேரளா செய்ததைப் புதுச்சேரி ஏன் செய்யக்கூடாது? ஓட்டுக் கேட்டு முஸ்லிம் வீதிகளுக்கு வருகிறவர்களிடம் நம் இளைஞர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம்

அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் நம் சமுதாயத்தையே சுரண்டியவர்கள் நம்மவர்கள்தானே? 2006இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தபோது, பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போனது. மகளின் நிக்காஹ்வுக்கு வைத்த பணமும் ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணமும் அதில் போயின.

ஏமாறாமலிருக்க ஒரே ஒரு கேள்வி போதும். "மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம்" என்று சொல்கிறாரா? சொன்னால் அது வியாபாரமல்ல, தாடி வைத்த வட்டி! வியாபாரத்தில் லாபம் ஏறும், இறங்கும், சில மாதம் இல்லாமலும் போகும். நிச்சயத் தொகை என்ற பேச்சு வந்த இடத்தில் வட்டி நுழைந்துவிட்டது, அல்லது மோசடி நுழைந்துவிட்டது. அநேகமாக இரண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பங்குதாரர் வேண்டும் என்கிறீர்கள், கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் முகம் மாறுகிறது. வருமான வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்றிருந்தால் உங்களை நம்பி யார் மூலதனம் போடுவார்? கடனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. வட்டியைத் தடுத்த அதே அத்தியாயம்தான் கணக்கையும் கடமையாக்கியது. ஒன்றை எடுத்து ஒன்றை விடலாமா?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மஹல்லாதோறும் வட்டியில்லாக் கூட்டுறவுக் கடன் சங்கம். பெட்டியில் பணம் போட்டு வாய்ச்சொல்லில் நடத்தும் ஏற்பாடு வேண்டாம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் குற்றம். கூட்டுறவுச் சட்டப்படி பதிவு செய்து, உறுப்பினரிடம் மட்டும் பணம் வாங்கி, ஆண்டுதோறும் தணிக்கை செய்து, கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.

200 பேர் ஆளுக்கு 5,000 போட்டால் பத்து லட்சம். அதில் ஒரே நேரத்தில் நூறு வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் வீதம் கொடுக்கலாம். அவர்கள் தண்டலுக்குக் கட்டும் அதே நூறு ரூபாயை நூறு நாள் இங்கே கட்டட்டும். ஆண்டில் மூன்று சுற்று, 300 கடன்கள். ஒவ்வொன்றிலும் தண்டலுக்குப் போன 1,500 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு நாலரை லட்சம் ரூபாய்! உண்மையான நிர்வாகச் செலவை மட்டும் கழித்தாலும் பெரும்பகுதி ஏழை வியாபாரியின் வீட்டுக்கே போகும்.

"வட்டியில்லாவிட்டால் யார் திருப்பிக் கட்டுவார்?" என்று கேட்பவர்களுக்கு லாகூரில் பதில் இருக்கிறது. 2001இல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாயில் தொடங்கிய 'அகூவத்' அமைப்பு, பள்ளிவாசல்களிலும் சர்ச்சுகளிலும் கூடி வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. பாகிஸ்தான் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அதன் நிறுவனர் அம்ஜத் சாகிப்புக்கு 2021இல் மக்சேசே விருது கிடைத்தது. கடனில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது என்கிறது அந்த அமைப்பு. ஊரார் முன்னிலையில் வாங்கிய கடனை மனிதன் சுலபத்தில் ஏமாற்றுவதில்லை.

இரண்டாவது, பெரிய மூலதனத்துக்குப் பங்கு. 2008ஆம் ஆண்டின் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் கையில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரரின் பணமும் இங்குள்ள இளைஞரின் உழைப்பும் எழுத்து ஒப்பந்தத்தில் சேரட்டும். லாபத்துக்கு விகிதம் பேசுங்கள், தொகை பேசாதீர்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். அதுதான் நீதி.

மூன்றாவது, ஜகாத்தைத் தொழில் மூலதனமாக்குவது. தகுதியுள்ள ஏழைக்கு ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்துக் கொடுத்து அடுத்த ரமளானிலும் வரிசையில் நிறுத்துவதற்குப் பதில், ஒரு தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ முழுமையாகக் கொடுங்கள். இந்த ஆண்டு வாங்கியவர் இன்னும் சில ஆண்டுகளில் கொடுப்பவராகட்டும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் போட இரண்டே ஜும்ஆவில் வசூல் சேருகிறது. பள்ளிவாசலுக்கு வரும் வியாபாரியை வட்டியிலிருந்து மீட்க ஏன் சேராது? இளைஞர்களே! சுவரொட்டி ஒட்டிய கைகள் இனிக் கணக்கும் எழுதட்டும். வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லாவில் இருபது பேர் உட்காருங்கள். சங்கத்தின் விதிமுறையை எழுதத் தொடங்குங்கள். அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்தான் என்று ஓதுவது சுலபம். ஆகுமான வழியை நடக்கத்தக்க வழியாக்குவது நம் வேலை. அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக!