அறிவிப்பில் இல்லாத கிலோ எங்கிருந்து வந்தது?



2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நம் சம்பளம் பற்றிச் சொல்லப்பட்டவை இரண்டே விடயங்கள். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்தக் குறைந்தபட்சச் சம்பளம் ஜனவரி முதல் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாகும். அதோடு, வேலைக்கு வருகை தருவதற்கான ஊக்கத்தொகையாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கம் கொடுக்கும்.

இந்த இரண்டு வரியை வைத்து ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

"கம்பனி 400 ரூபா கூட்டிவிட்டது" என்கிறார்கள். கம்பனியின் பங்கு 200 தான். மற்ற 200 அரசாங்கப் பணம். கடையில் சாமான் வாங்கும்போது நாம் கட்டும் வரியும் அதில் சேர்த்தி.

"இனி மாதம் 43,750 ரூபா" என்கிறார்கள். 25 நாள் வேலை கொடுத்தால் சரி. 15 நாள் தான் கொடுத்தால் 26,250. அறிவிப்பு நாட்சம்பளத்தைச் சொல்கிறது. எத்தனை நாள் வேலை என்று சொல்லவில்லை. சொல்லாததை எப்படிக் கூட்டுவது?

"1,750 வேண்டுமென்றால் கூடக் கொழுந்து எடு, இல்லாவிட்டால் அரைப்பேர்" என்று யாராவது மிரட்டினால் விடாதீர்கள். அந்த 200க்குச் சொன்ன காரணம் வருகை. கிலோ என்ற பேச்சே அதில் இல்லை. வேறு நிபந்தனை உண்டென்றால் எழுத்தில் காட்டட்டும்.

நம்மவரும் அவசரப்பட வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி கட்ட வேண்டியது 12 வீதம். 1,550க்கு அது 186 ரூபா, 1,750க்கு 210 ரூபா. எதற்குக் கட்டுவார்கள்? அந்த இரண்டு வரியில் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் நம்பி இருக்கவும் கூடாது, பயந்து ஒதுங்கவும் கூடாது, கேட்க வேண்டும்.

வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்தை விட்டு மன்னார்ப் பக்கம் குடியேறிய உறவுகளும் நமக்கு உண்டு. உயிலங்குளத்தில் வயல் கூலிக்குப் போகும் ஒருவர் "எங்களுக்கும் 1,750 உண்டா?" என்று கேட்டால், இந்த அறிவிப்பின்படி இல்லை, அது பெருந்தோட்டத்துக்கு உரியது. "ஆகவே உனக்கு எந்தச் சம்பளச் சட்டமும் கிடையாது" என்று வயல்காரர் முடிவு கட்டினால், அது இந்த வரிகளிலிருந்து வராது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வேறாக இருக்கிறது. அதையும் எடுத்துப் படிக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாள் எத்தனை? 1,550 எங்கே? 200 எங்கே? கணக்குக் குறைந்தால் சீட்டோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். மீதியைச் சங்கம் கேட்கும்.